தண்ணி எங்க, டீச்சர்?

“மீனு இருக்கு, பாசி இருக்கு, கல்லு இருக்கு. தண்ணி எங்க, டீச்சர்?”

நான் வரைந்த கடலடி ஓவியத்தின் படத்தை என் செல்போனில் இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்ட கேள்வி இது. அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தேடிப் பார்த்து, கிடைக்காமல் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுவரில் மாட்டியிருந்த அந்த ஓவியத்துக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். 18-க்கு 24 அங்குல கான்வாஸ். அதில் பாதிக்கு மேல் நீலம் பூசிய இடம்தான். அவ்வளவு நீலத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

அக்கா, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணின் அம்மா. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். பாசி எடுக்கிறவர். சின்ன வயதிலேயே தன் அம்மாவோடு கடலில் இறங்கிப் பழகியவர். சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, கல்லில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்தையும் கட்டக்கோரையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், துணியில் பூ அச்சடிக்கும் சாயக்கூழைக் கெட்டியாக்கவும் பயன்படுகிறது. “பாருங்கக்கா, நீங்க எடுக்கிற பாசிக்கும் வண்ணத்துக்கும் சம்பந்தம் இருக்கு” என்று நான் சொன்னபோது, “அப்புடியா? கிலோ என்ன விலைக்குப் போகுதுன்னு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும்” என்றார்.

நான் மதுரைக்காரி. மாறுதலில் இந்தப் பக்கம் வந்த அறிவியல் ஆசிரியை. வந்த புதிதில் மாலை நேரம் நகரவே நகராது. அப்படித்தான் வரைய ஆரம்பித்தேன். எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாள் கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாட்டர்கலரில் ஒரு இடம் பிசகினால் திருத்துவது கஷ்டம். அக்ரிலிக் அப்படி இல்லை. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும், காய்ந்துவிட்டால் கரையாது. அதற்கு மேல் எத்தனை பூச்சு வேண்டுமானாலும் பூசலாம். இராமநாதபுரத்து வெயிலில் ஒரு பூச்சு காய ஐந்து நிமிஷம் போதும். பள்ளி முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவளுக்கு இதைவிடத் தோதான வண்ணம் கிடையாது.

முதல் படத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பாடுகளைச் சொல்லத்தான் வேண்டும். மேலே வெளிர்நீலம், கீழே போகப் போக அல்ட்ராமரின், இரண்டுக்கும் நடுவே கோடு தெரியாமல் இழைக்க மூன்று நாள். மேல் விளிம்பிலிருந்து விசிறி மாதிரி இறங்கும் வெளிச்சக் கதிர்கள். அடியில் செக்கச் செவேல் என்று பவளம். நடுவே ஆரஞ்சு மீன் ஐந்து. ஒவ்வொரு மீனுக்கும் செதில் செதிலாக, பூஜ்ஜிய நம்பர் பிரஷில். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. மீன் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களில் கடலுக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை, நான் உட்பட.

பவளம் என்ற சொல்

முதலில் என்னை நானே கேட்டுக்கொண்டது, அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று. யோசித்தால், சொல்லிலிருந்து வந்திருக்கிறது. பவளவாய் என்கிறோம், பவளச் செவ்வாய் என்கிறோம். பவளம் என்றாலே தமிழில் சிவப்பு. நான் பிரஷை எடுப்பதற்கு முன்பே சொல் என் கையில் சிவப்பு டியூபைக் கொடுத்துவிட்டது. ஆனால் நகையில் கோத்த அந்தச் சிவப்புப் பவளம் நம் கடற்கரைச் சரக்கே அல்ல. அது மத்தியதரைக் கடலில் விளைவது. ரோமானியர் காலத்திலேயே கப்பலேறி இங்கே வந்திறங்கிய பொருள். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறை வேறு சாதி. உயிரோடு இருக்கும்போது அது பெரும்பாலும் பழுப்பு, மங்கலான பச்சை, பாசிமஞ்சள். மான்கொம்பு மாதிரி கிளைத்தது உண்டு, மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக உருண்டது உண்டு. அந்தப் பழுப்பும் பவளத்துக்குச் சொந்தமானதில்லை. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி கொடுத்தது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் அந்தப் பாசி போய்விடும், பவளம் வெளுத்துவிடும். 1998-இலும் 2010-இலும் 2016-இலும் இந்த வளைகுடாவில் அப்படித்தான் பாறை பாறையாக வெளுத்தது.

இதெல்லாம் எனக்குப் புதிதாகத் தெரிந்தவை இல்லை. வெளுத்தலைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிறேன். முப்பட்டகத்தை ஜன்னல் வெயிலில் பிடித்து ஏழு நிறம் காட்டியிருக்கிறேன். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், 5 மீட்டர் ஆழத்திலேயே அது பெருமளவு மங்கி, 10 மீட்டரில் ஏறக்குறைய இல்லாமல் போகும் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, கை வேறொரு பக்கம் போனது. அதுதான் எனக்கு உறுத்தியது. அக்காவுக்கு அலைநீளம் தெரியாது. அவருடைய தம்பி சங்கு குளிக்கப் போகிறவர். “ஏழெட்டுப் பாகத்துல கையைக் கிழிச்சுக்கிட்டா ரத்தம் கறுப்பாத்தான் தெரியும்னு சொல்லுவான்” என்றார் போகிற போக்கில். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. என் கரும்பலகைக் கணக்கும் அந்தக் கறுப்பு ரத்தமும் ஒரே விஷயம்.

கழுத்தளவுத் தண்ணீரில்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “வாங்க, நீங்களே பாருங்க” என்று அக்கா கூட்டிப்போனார். தீவுப் பக்கம் எல்லாம் இல்லை. கரையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கழுத்தளவுத் தண்ணீர், கட்டிப்போட்ட வள்ளத்தின் கயிறு ஒரு கையில், அவருடைய பழைய கண்ணாடி என் முகத்தில். எனக்கு நீச்சல் அரைகுறை. “மூச்சைப் பிடிங்க, கயித்த விடாதீங்க” என்றார். முங்கினேன்.

முதலில் தெரிந்தது எதுவுமே இல்லை. பச்சை. மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே பச்சை, வெளிச்சம் கலந்த பச்சை. கொஞ்சம் நிதானித்ததும் அந்தப் பச்சைக்குள் தூசி தெரிந்தது. ஜன்னல் வழியாக வெயில் விழும்போது அறைக்குள் மிதக்குமே, அது மாதிரி ஆயிரம் துகள்கள், எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. காலடியில் மணலில் வெளிச்சம் வலை பின்னி அசைந்தது. தலையைத் தூக்கினால் மேலே ஒரு வட்டம், சிறுசிறு அலைகளில் உடைந்து உடைந்து சேர்கிற வெளிச்ச வட்டம். வானம் முழுக்க அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் சுமார் 97 பாகைக் கூம்புக்குள்தான் வெளியுலகம் தெரியும். அதைத் தாண்டிய இடமெல்லாம் கண்ணாடி, அடித்தரையின் நிறத்தைத்தான் திருப்பிக் காட்டும். நானோ என் படத்தில் மேல்விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூசியிருந்தேன்.

ஆனால் அன்றைக்கு நான் பார்த்தவற்றில் முக்கியமானது அக்காவின் சட்டைதான். சிவப்புச் சட்டை, கரையில் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. தண்ணீருக்குள் என் பக்கத்தில் இருந்தபோதும் சிவப்பாகத்தான் இருந்தது. அவர் காலை உதைத்து என்னைவிட்டு முன்னால் போனார். ஆழத்துக்குப் போகவில்லை, அதே மட்டத்தில் பதினைந்து அடி தள்ளிப் போனார், அவ்வளவுதான். சட்டை காவியாகி, பழுப்பாகி, அப்புறம் ஒரு கருத்த பச்சையாகிவிட்டது. கூடவே அவரும் மங்கினார். முதலில் கால் விரல்களின் ஓரம் போனது. அப்புறம் சேலைக் கரை. அப்புறம் சட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த கோடு. கடைசியில் மனுஷி இருக்கிறார் என்று தெரிந்தது, எங்கே முடிகிறார் என்று தெரியவில்லை. மூச்சு முட்டி நான் மேலே வந்துவிட்டேன்.

நிறம் ஆழத்தில்தான் போகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, தூரத்திலும் போகும். சூரியனிலிருந்து சட்டைக்கு இறங்கிய தண்ணீரும், சட்டையிலிருந்து என் கண்வரைக்கும் இருந்த தண்ணீரும் கூட்டிக் கணக்கு. ஆழ்கடலில் நீலம் நெடுந்தூரம் போகும், அதனால் அங்கே நீலம். கரையோரத்தில் வண்டலும் மிதக்கும் நுண்ணுயிர்களும் நீலத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால், எஞ்சி வந்து சேர்வது பச்சை. ஆக, நான் வரைய வேண்டியது மீனுக்கும் எனக்கும் நடுவில் இருப்பதை. அக்கா கேட்டதும் அதைத்தான்.

இப்படிக் கண்ணால் பார்த்துவிட்டு வரைய வேண்டும் என்று தவித்தவர்கள் நமக்கு ரொம்பவும் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓய்கன் ரான்சொனே என்பவர் 1860-களில் இலங்கைக் கடலில், தானே செய்வித்த, மணி வடிவில் இருந்த இரும்பு முக்குளிக் கூண்டு ஒன்றுக்குள் இருந்துகொண்டு கடலடியைப் பார்த்து வரைந்தார். 1866-இல் சென்னையில் பிறந்த ஸார் பிரிட்சர்ட் தாஹிட்டித் தீவில் முக்குளிக் கவசத்தோடு இறங்கி, எண்ணெயில் ஊறிய தோலில் தண்ணீருக்கு அடியிலேயே தீட்டினார். பிரிட்சர்டின் படங்களில் பளிச்சென்று எதுவும் இருக்காது. பாறை மேகம் மாதிரி நிற்கும், மீன் நிழல் மாதிரி போகும். முன்பு அவற்றைப் பார்த்தபோது சாயம் போன படங்கள் என்று தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது திரும்பப் பார்த்தால், அந்தச் சட்டை மங்கியது அப்படியே இருக்கிறது.

ஒரே கலவை

இரண்டாவது படத்தை மீனில் ஆரம்பிக்கவில்லை, தண்ணீரில் ஆரம்பித்தேன். தாலோ பச்சை ஒரு பட்டாணி அளவு போதும், அது அவ்வளவு வீரியமான நிறம். கூட டைட்டானியம் வெள்ளை, கொஞ்சம் யெல்லோ ஆக்கர். இவ்வளவும் சேர்ந்தும் அது பிளாஸ்டிக் வாளியின் பச்சையாகத்தான் இருந்தது. அதை அடக்க இம்மியளவு சிவப்பு கலந்தேன். சிவப்பு பச்சையைத் தணிக்கும். கரையில் பார்த்த சட்டையின் சிவப்பு தண்ணீருக்குள் எங்கே போனது என்று கேட்டால், என் படத்தில் அது அந்தப் பச்சைக்குள் இருக்கிறது. இந்தக் கலவையை ஒரு டிபன் டப்பா நிறைய செய்துகொண்டேன். டப்பாவின் அடியில் ஈரத்துணி, அதற்கு மேல் பட்டர் பேப்பர், அதற்கு மேல் வண்ணம், மூடி. இப்படி வைத்தால் அக்ரிலிக் நாலைந்து நாள் காயாமல் இருக்கும்.

அப்புறம் எல்லாவற்றிலும் அந்தக் கலவை. தூரத்துப் பாறைக்குப் பாறையின் நிறம் ஒரு பங்கு, தண்ணீர்க் கலவை ஒன்பது பங்கு. கொஞ்சம் கிட்டே இருப்பதற்குப் பாதிக்குப் பாதி. முன்னால் இருக்கும் கல்லுக்கு மட்டும் அதன் சொந்த நிறம், அதன் சொந்த இருட்டு. தூரத்தில் கறுப்பும் கூடாது, வெள்ளையும் கூடாது. விளிம்பு எதுவும் கத்தியால் வெட்டியது போல நிற்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் உலர்ந்த பிரஷால் ஓரத்தைத் தடவித் தடவிக் கரைக்க வேண்டும். அதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்த மாலைகள் நிறைய.

மீனை விட முடியவில்லை. நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சு மீன், மூன்று மாலை செலவழித்து, செதில் எல்லாம் வைத்துத் தீட்டினேன். நன்றாகவும் வந்தது. ஆனால் மறுபடியும் அதே கதை. அது தண்ணீருக்குள் இல்லை, கான்வாஸ் மேல் ஒட்டவைத்தது போல நின்றது. செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். மீடியம் என்கிற நிறமில்லாத அக்ரிலிக் கூழில் அந்தப் பச்சைக் கலவையைத் துளியூண்டு விட்டு, கண்ணாடி மாதிரி மெல்லிசாக்கி, மீன் உட்பட மொத்தப் படத்தின் மேலும் ஒரு பூச்சு இழுக்க வேண்டும். தெரிந்தும் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தச் செதில்கள் மேல் எனக்கு ஆசை.

மூன்றாம் நாள் இரண்டங்குலப் பிரஷை எடுத்து, இடது ஓரத்தில் ஆரம்பித்து, நிறுத்தாமல் இழுத்தேன். மீன் மேல் பிரஷ் போனபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், படமே பாழ் என்று நினைத்தேன். ஈரத்தில் மீடியம் பால் போல வெள்ளையாக இருக்கும். படம் முழுக்க மோர் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. ஈரத்துணியால் முன்வரிசைக் கல்லையும் மீனின் கண்ணையும் மட்டும் லேசாக ஒற்றியெடுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டேன். அரிசி களைந்து உலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பால் தெளிந்திருந்தது. மீன் ஓர் அடி உள்ளே போயிருந்தது. அதன் முதுகு மட்டும் ஆரஞ்சு, வால் பழுப்பு, வயிறு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. நான் எண்ணி எண்ணி வைத்த செதிலில் முக்கால்வாசி காணோம். எனக்கும் அதற்கும் நடுவில் ஏதோ இருந்தது. கையை நீட்டினால் நனையும் போல இருந்தது.

கடைசியாகப் பழைய பல்துலக்கும் பிரஷில் கலவையின் வெளிர் சாயலைத் தொட்டு, விரலால் தெறித்துத் தூசி போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு முக்கியம். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். பிரஷ் கழுவுகிற தண்ணீரை நான் மாதக்கணக்கில் சாக்கடையில்தான் கொட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சாக்கடையிலிருந்து அக்கா முங்குகிற இடம் எவ்வளவு தூரம்? இரண்டு கிலோமீட்டர் இருக்காது. இப்போது தட்டையும் பிரஷையும் முதலில் பழைய செய்தித்தாளில் துடைக்கிறேன். கழுவிய தண்ணீரை வாளியில் அசையாமல் தெளியவிட்டு, மேல்தண்ணீரைத் துணியில் வடிக்கிறேன். அடியில் நிற்கும் வண்டலைக் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன். முழுசாகத் தீர்ந்துவிடாது, துணியையும் தாண்டிப் போகிற துகள் இருக்கும். ஆனால் அடியில் படிந்த அந்தப் பச்சைச் சேற்றைப் பார்த்த பிறகு அதை அப்படியே கொட்ட மனசு வரவில்லை.

நீவாடு

இந்தத் தடவை செல்போனில் காட்டவில்லை. கான்வாஸையே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் பாசியை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, திண்ணையில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “ம்... தண்ணி வந்திருச்சு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேர் பாராட்டியபோதும் வராத ஒன்று அந்த இரண்டு சொல்லுக்கு வந்தது.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“இது வடகடலா, தென்கடலா?”

எனக்குப் புரியவில்லை. இந்த ஊர் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும், தென்கடல் படிந்து கிடக்கும். தென்மேற்குக் காற்று வந்தால் அப்படியே மாறும். எந்தக் காற்று, எந்தப் பக்கம் என்று தெரியாமல் இவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவதே இல்லை. “தென்கடல்தாங்க்கா, நாம அன்னைக்கு முங்குனமே” என்றேன்.

“அப்பன்னா நீவாடு எங்கிட்டுப் போகுது? பாசி இந்தா இப்புடிச் சாயுது, இது அப்புடிச் சாயுது. மீனு பாருங்க, பாசி சாயுற பக்கமே மூஞ்சிய வச்சு நிக்குது. நிக்கிற மீனு ஓட்டத்துக்கு எதுத்துல்ல நிக்கும், டீச்சர்?”

நீவாடு என்றால் நீரோட்டம். அன்றைக்குத் தண்ணீருக்குள் அத்தனை தூசியும் ஒரே பக்கமாக நகர்ந்ததை நான் பார்த்திருந்தேன், பார்த்தும் எடுத்துக்கொள்ளவில்லை. பாசியை அழகுக்காக இரண்டு பக்கமும் வளைத்து வைத்திருந்தேன். அக்கா குனிந்து, ஈரப் பாசி ஒரு கொத்தை எடுத்து, தண்ணீர் இருந்த சட்டியில் விட்டு, கையால் ஒரு பக்கமாக அலசிக் காட்டினார். முதலில் நுனி சாய்ந்தது, அப்புறம் நடுத்தண்டு, அடி மட்டும் அப்படியே நின்றது.

மூன்றாவது கான்வாஸுக்கு நேற்று ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சைப் பூசிக் காயவைத்திருக்கிறேன். இன்னும் ஒரு கோடு போடவில்லை. பின்பக்கத்துச் சட்டத்தில் மட்டும் பென்சிலால் வலமிருந்து இடமாக ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் நீவாடு என்றும், அதற்குக் கீழே தென்கடல், மாசி என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.